உப்புக்காற்றில் ஒரு மொரிஸ் மைனர்: வீட்டு முற்றத்தில் புதுப்பித்து எஞ்சின் மாற்றும் முறை

மொரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்தே பிரித்து, கறள் வெட்டி, நிசான் சன்னி எஞ்சினை இறக்கி ஓட வைக்கலாம். பெரிய கராஜ் தேவையில்லை. மழை படாத ஒரு கொட்டில், ஒரு செயின் புளொக், தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவர், கொஞ்சம் ஞாயிற்றுக்கிழமைகள், இவ்வளவும் போதும். திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் 948 சிசி மைனர் ஒன்றை இப்படிச் செய்து முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதில் எஞ்சினுக்குப் போனது இரண்டு மாதம்தான். மிச்சமெல்லாம் கறளுக்கும் பிரேக்குக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். எஞ்சின் கடைசி வேலை. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் திருகோணமலையில் இந்த வரிசையை மாற்றக்கூடாது.

தொடக்கக்காரருக்கு மைனரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. 1971 வரை 16 இலட்சத்துக்குக் கிட்டச் செய்தார்கள். முன், பின் மட்காட் நான்கும் போல்டில் பூட்டியவை, கழற்றினால் தனியாக வந்துவிடும். கியர் பொக்ஸுக்கு மேலே இருக்கும் தகட்டு மூடியையும் கழற்றலாம் என்பதால் காருக்குள் இருந்தே கையை விட்டு வேலை செய்யலாம். உதிரிப்பாகமும் கிடைக்கும். 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் கிடைக்காதது பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

புத்தகத்தைப் பாருங்கள், பிறகு காரைப் பாருங்கள்

வாங்கும் முன் பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி நம்பரையும், பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் சுவர்போல நிற்கும் தகட்டில் பதித்திருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் வாங்காதீர்கள். எஞ்சின் நம்பரும் புத்தகத்தில் இருக்கிறது. அதனால் எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். என்னென்ன கடிதம் வேண்டும் என்று எஞ்சின் வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தொடங்கும் மாதமும் முக்கியம். நமக்கு மழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை போகும். வாடை வீசும்போது திறந்து கிடக்கும் தகடு ஒரே இரவில் செம்மஞ்சளாகிவிடும். மாசியில் தொடங்கி, வெட்டி ஒட்டும் வேலையைப் புரட்டாதிக்குள் முடித்து, பிரைமர் பூசிவிடுங்கள். எஞ்சின் வேலையை மழைக்காலத்தில் கொட்டிலுக்குள் செய்யலாம்.

கறளைத் தேடுவது

ரயர்களைத் தடுத்து, காரை ஜக்கில் தூக்கி, நான்கு மூலையிலும் இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போகாதீர்கள். கார்ப்பெற், இருக்கை எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியை பாஸ்மார் சில் என்பார்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் அதன் அடியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பதில் சொல்லும். கறள் தின்ற இடம் வந்ததும் சத்தம் அமுங்கிப்போகும். அங்கே சோக்கால் ஒரு வட்டம் போடுங்கள். அதேபோல இருக்கைக்குக் கீழே குறுக்கே போகும் சட்டம், ஜக் வைக்கும் இடம், பின் வில்லுகள் பூட்டியிருக்கும் இடம், எஞ்சினுக்கு இருபக்கமும் முன்னே நீளும் சட்டங்கள், டிக்கியின் தரை. கடைசியாக இருட்டிய பிறகு காருக்குக் கீழே ஒரு பல்பை எரியவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஓட்டை உள்ள இடமெல்லாம் நட்சத்திரமாகத் தெரியும்.

என்னுடைய காரின் குறுக்குச் சட்டம் வெளியில் அழகாக இருந்தது. அடியில் கறுப்புத் தார் பூசி வழவழவென்று இருந்தது. ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது தேயிலைத் தூள் மாதிரி ஒரு கைப்பிடி கறள் கொட்டியது. தாருக்கும் தகட்டுக்கும் இடையில் உப்புத் தண்ணீர் நின்று, வருடக்கணக்காக உள்ளிருந்தே தின்றிருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஒரு கராஜில் நல்ல காசு கொடுத்து முழு பெயின்ற் அடித்திருந்தேன். கறளை வெட்டாமல் பசை பூசித் தேய்த்து, மேலே நிறம் அடித்துத் தந்திருக்கிறார்கள். முதல் வாடையிலேயே கதவடியெல்லாம் கொப்புளம் போட்டது. அதனால் சொல்கிறேன், கறள் உள்ள தகட்டுக்கு மருந்து கிடையாது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டத்தான் வேண்டும்.

மைனருக்குத் தனிச் செஸி இல்லை, பொடியே எலும்புக்கூடு. இரண்டு சில் பெட்டியையும் ஒன்றாக வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது. வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மற்றப் பக்கத்தைத் தொடுங்கள். இடையிடையே கதவைப் பூட்டித் திறந்து, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சில் பெட்டிக்கு 1.2 மில்லிமீற்றர் தகடு சரியாக இருக்கும். வெல்டிங்குக்கு முன் பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றித் தூரத்தில் வையுங்கள். வெறும் தாங்கிதானே என்று பக்கத்தில் விடாதீர்கள், வெறும் தாங்கிக்குள் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

ஒட்டி முடிந்ததும் கழுவுவதற்கு குழாய்த் தண்ணீரை எடுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதால் கழுவிப் பிரைமர் அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடியது போலாகும். அப்புறம் சில் பெட்டிக்குள் மெழுகு கலந்த கறள் தடுப்பு எண்ணெயை நீளக் குழாயால் தெளியுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைக்காதீர்கள். நிறம் அடிப்பதைக் கச்சான் காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் செய்யுங்கள். பெயின்ற் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, அது பெயின்ற் பாஸின் கைவேலை.

வேகம் கூட்டும் முன் நிற்க வைப்பது

948 எஞ்சினின் வலு 37 குதிரை. சன்னியின் ஏ12 எஞ்சின் 60ஐத் தாண்டும். இந்த வலுவை 7 அங்குல முன் டிரம் பிரேக்கோடு ஓட்டுவது ஆபத்து. 1098 சிசி மைனரில் முன்னுக்கு 8 அங்குல டிரம் வரும். குறைந்தது அதையாவது தேடிப் பூட்டுங்கள். மிதித்ததும் பிரேக் ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. பலர் பார்க்காமலே விடும் இடம் அது. ரப்பர்கள் முழுவதையும் மாற்றி, பிரேக் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள்.

முன் சில்லை (சக்கரத்தை) தாங்கும் மேல், கீழ் ட்ரனியன் இரண்டும் மரை போட்ட துண்டுகள். மரை தேய்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். நான் 1000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கிறேன். கடற்கரை மணலில் ஓடும் காருக்கு அது கூடுதல் இல்லை.

எஞ்சினைத் தெரிவு செய்தல்

ஏ12 எஞ்சின் 1171 சிசி. தலை அலுமினியம் என்பதால் பாரம் குறைவு. கிராங் ஷாப்ட் ஐந்து பெயரிங்கில் நிற்கிறது. மைனரின் எஞ்சினில் மூன்றுதான். நிசான் 1950களில் ஒஸ்ரின் கார்களை உரிமம் பெற்று ஜப்பானில் செய்த நிறுவனம். அதனால் மைனர் எஞ்சினைப் பிரித்துப் பழகிய கைக்கு ஏ12 அந்நியமாகத் தெரியாது. எரியும் வரிசைகூட இரண்டிலும் 1-3-4-2 தான். (நமது ஊருக்கு அநுராதபுரத்திலிருந்து வரும் வீதியின் இலக்கமும் ஏ12. எனக்கு அது பிடித்த பொருத்தம்.)

எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒரே சோடியாக வாங்குங்கள். நான்கு சிலிண்டரிலும் கொம்பிரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். எண் பெரிதாக இருப்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பதே முக்கியம். ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பால்தேநீர் நிறத்தில் பசை இருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிடுங்கள்.

நட்டுக் கழற்றும் சாவிகள் (ஸ்பானர்) இரண்டு செற் வேண்டும். மைனரின் நட்டுகள் அங்குல அளவு, நிசானுடையவை மில்லிமீற்றர். கிட்டத்தட்டப் பொருந்தும் சாவியைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை உருண்டுவிடும்.

இறக்குவது, ஏற்றுவது

பழைய எஞ்சினைக் கழற்றும் முன் அளவெடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கிராங் புலியின் (எஞ்சின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தின்) நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம், ரேடியேற்றரிலிருந்து எவ்வளவு தூரம், கியர் பொக்ஸின் பின் நுனி எங்கே முடிகிறது, எஞ்சின் பின்பக்கம் எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயரையும் படம் எடுத்து, பெயர் எழுதிய துண்டு ஒட்டுங்கள். போல்ட்டுகளை இடவாரியாகத் தனித்தனிப் பைகளில் போடுங்கள்.

எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்து 150 கிலோவுக்குக் கிட்ட வரும். மரக்கிளையில் கட்டித் தூக்குவதை நான் ஏற்க மாட்டேன். மூன்று தடித்த இரும்புக் குழாயில் முக்காலி கட்டி, 1 தொன் செயின் புளொக் போடுங்கள். தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் கை வைக்கக்கூடாது.

புதியதை உள்ளே இறக்கும்போது பூட்ட அவசரப்படாதீர்கள். மரக்கட்டை, ஜக் வைத்து முதலில் இருத்திப் பாருங்கள். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப் கீழே எதிலும் முட்டுகிறதா, ஸ்டீயரிங் தண்டுக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் விரல் போகிறதா, காற்றாடிக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் ஓர் அங்குலமாவது இருக்கிறதா, பொனட் மூடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ரப்பரில் ஆடும் என்பதால் எல்லாப் பக்கமும் இடம் விடுங்கள். நிலை சரி என்று பட்ட பிறகு தடித்த மட்டையில் மாதிரி வெட்டி, அதைப் பார்த்து 6 மில்லிமீற்றர் தகட்டில் தாங்கிகளைச் செய்யுங்கள். அவற்றை மைனரின் பழைய போல்ட் துளைகளிலேயே பூட்டுங்கள். முன் சட்டங்களை வெட்டாதீர்கள். என்றாவது பழைய எஞ்சினைத் திரும்பப் பூட்ட நினைப்பவருக்கு அந்த வழியைத் திறந்து வைப்பது நமது பொறுப்பு.

கியர் பொக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சில் இருக்கும் டிபரன்சலின் உள்தண்டும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சமாந்தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பிடிக்கும்போது கார் நடுங்கும். இந்த இரண்டையும் இணைக்கும் புரொப்பெலர் ஷாப்டின் முன்பக்கம் நிசானுடையதும் பின்பக்கம் மைனருடையதுமாக லேத் பட்டறையில் இணைத்து, சமநிலை பார்த்துத் தரச் சொல்லுங்கள். கார் தன் சில்லுகளில் நிற்கும்போதே நீளத்தை அளக்க வேண்டும். மைனரின் கிளச் இரும்புக் கம்பி இணைப்பில் இயங்குவது. எனக்குக் கிடைத்த கியர் பொக்ஸில் ஒயில் அழுத்தக் கிளச் இருந்ததால் மிதிக்குச் சின்ன சிலிண்டர் ஒன்று சேர்த்தேன். 948இன் டிபரன்சல் விகிதம் 4.555, 1098இனுடையது 4.22. பின்னது கிடைத்தால் போடுங்கள், நீண்ட வீதியில் எஞ்சின் அலறாது.

மின்சாரம்

மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். நிசானில் நெகற்றிவ். பற்றரியை மாற்றிப் பூட்டும் முன் பழைய டைனமோவின் வயர்களையும் ரெகுலேற்றரையும் விலக்கி, பற்றரியைச் சார்ஜ் செய்யும் நிசானின் ஒல்ற்றனேற்றருக்குத் தனி வயர் இழுங்கள். மறந்து பழைய பக்கம் பூட்டினால் ஒல்ற்றனேற்றர் அந்தக் கணமே எரிந்துவிடும். விளக்குகளுக்கு எந்த முனையும் ஒன்றுதான். பழைய ரேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

நமது வெயிலுக்கு ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ற் ஊற்றுங்கள். சூடு ஏறுகிறது என்று தேர்மோஸ்டற்றைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, கொயில் வயரை விலக்கி, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு ஆள் உள்ளே, ஒரு ஆள் வெளியே நின்று பெற்றோல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சூடேறி, மேல் ஹோஸ் கொதித்து, நிறுத்தி, முழுதும் ஆறிய பிறகு தண்ணீரைச் சரிபாருங்கள்.

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள், பிரேக் பார்ப்பதற்கு மட்டும். அடுத்தது நிலாவெளி வீதி. சமதரை என்பதால் எஞ்சினுக்கு நோகாது, நிறுத்திப் பார்க்கவும் இடம் உண்டு. பிறகு கன்னியாப் பக்கம். 100 கிலோமீற்றர் ஓடியதும் தாங்கிகள், ஷாப்ட், சில்லு நட்டுகள் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். என் காரில் கியர் பொக்ஸ் தாங்கியின் ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது.

அதன் பிறகு திணைக்களத்தில் காரைக் காட்டிப் புத்தகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். பழைய எஞ்சினை இரும்புக்கு விற்காதீர்கள். பிளக் துளைகளில் ஒரு கரண்டி ஒயில் விட்டு, காபரேற்றர் வாயைத் துணியால் அடைத்து, தறப்பாளில் சுற்றி, நிலத்தில் படாமல் கட்டையில் வையுங்கள். மாதம் ஒருமுறை முன்புலியில் சாவி போட்டு அரைச் சுற்று சுற்றுங்கள். என்னுடைய 948 கொட்டிலின் மூலையில் அப்படித்தான் இருக்கிறது, இப்போதும் கையால் சுழலுகிறது.