கடன் அட்டை மோசடி: ஏமாறும் முன்னும் ஏமாந்த பின்னும் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு ஒரு நாள் காலை பதினோரு மணியளவில் ஓர் அழைப்பு வந்தது. அவருடைய கடன் அட்டையில் சேர்ந்திருக்கும் ரிவார்டு பாயின்ட்டுகள் அன்று நள்ளிரவோடு காலாவதியாகிவிடும் என்றும், அவற்றைப் பணமாக மாற்றி அட்டைக் கணக்கிலேயே வரவு வைத்துவிடலாம் என்றும் பேசியவர் மிகவும் பணிவாகச் சொன்னார். வங்கியின் பெயரையும் அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களையும் அவரே சொல்லிவிட்டதால் ஆசிரியருக்குச் சந்தேகம் எழவில்லை. மீதி எண்களையும், அட்டை செல்லுபடியாகும் தேதியையும், பின்புறமுள்ள மூன்று இலக்க சிவிவி எண்ணையும் படித்துக் காட்டினார். ஓடிபி வந்தவுடன் அதையும் சொன்னார்.

இதில் முதல் தவறு, நம்மைப் பற்றிய ஒரு செய்தி பேசுபவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்காகவே அவரை வங்கி ஊழியர் என்று நம்பிவிடுவதாகும். அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் அட்டை வைத்திருப்பவரைக் குறிப்பவை அல்ல. அவை அட்டை வழங்கிய வங்கியையும் அட்டையின் வகையையும் குறிப்பவை, ஆகையால் அந்த வகை அட்டை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கும் அவை ஒன்றாகவே இருக்கும். நம் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் போன்றவையும் எத்தனையோ இடங்களில் நாம் எழுதிக் கொடுத்தவைதாம்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஆசிரியர் பிறகு ஓடிபி வந்த குறுஞ்செய்தியை என்னிடம் காட்டினார். ரூ. 48,999 என்ற தொகையும், பரிசுக் கூப்பன் விற்கும் ஒரு வலைத்தளத்தின் பெயரும் அதில் தெளிவாக அச்சாகியிருந்தன. பணம் வரவு வைப்பதற்கு ஓடிபி தேவையே இல்லை என்பது ஒருபுறம் இருக்க, எவ்வளவு தொகை யாருக்குப் போகிறது என்பதை வங்கியே அவருக்கு எழுதி அனுப்பியிருந்தது. ஆனால் எதிர்முனையில் ஒருவர் "சீக்கிரம் சொல்லுங்க சார், நேரம் முடியப்போகுது" என்று நெருக்கும்போது, கண் ஓடிபியின் ஆறு இலக்கங்களை மட்டுமே தேடுகிறது. ஓடிபி செய்தியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படித்த பிறகே எந்த இடத்திலும் எண்ணைப் பதிவது என்ற பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், இப்படிப்பட்ட மோசடிகளில் பெரும்பகுதியை அந்த ஒரு பழக்கமே தடுத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாமல் இருந்தாலே போதும் என்று எண்ணுவதும் இப்போது தவறாகிவிட்டது. வங்கியின் பெயரையும் சின்னத்தையும் தாங்கி, கடன் வரம்பை உயர்த்தித் தருவதாகவோ கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிப்பதாகவோ சொல்லி, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை நிறுவிக் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் ஓடிபி நாம் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குப் போய்விடுகிறது. கைப்பேசித் திரையைப் பகிரும் செயலிகளும் இதே ஆபத்தைக் கொண்டுவருபவைதாம். எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் செயலியை அனுப்பி நிறுவச் சொல்வதில்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடி அழைப்பது இன்னொரு தவறு. தேடலில் முதலில் வந்து நிற்கும் எண் மோசடிக்காரர் இட்டதாகவும் இருக்கலாம். சரியான எண் அட்டையின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வலைத்தள முகவரியைப் பொறுத்தவரை, 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் அனைத்தும் டாட் பேங்க் டாட் இன் (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருந்தது. ஆகவே, இந்திய வங்கி ஒன்றின் பெயரில் வரும் இணைப்பு வேறு விதமாக முடிந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நம் ஊர் உணவகங்களில் நாள்தோறும் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாப்பிட்டு முடித்தபின் பில் வைக்கும் சிறிய புத்தகத்துக்குள் அட்டையை வைத்துக் கொடுக்கிறோம். ஊழியர் அதைக் கல்லாவுக்கு எடுத்துப்போய், சிறிது நேரத்தில் அங்கிருந்தபடியே "பின் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார். நாமும் நான்கு மேசைகளுக்குக் கேட்கும்படி சொல்லிவிடுகிறோம். பெட்ரோல் பங்குகளிலும் இதுவே நடக்கிறது. அந்த ஊழியர் நேர்மையானவராகவே இருக்கட்டும், பக்கத்து மேசையில் இருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஸ்வைப்பிங் மெஷினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், அல்லது நாமே எழுந்துபோய் தொகையைச் சரிபார்த்து, கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்தலாம். இதில் கூச்சப்படுவதற்கு எதுவும் இல்லை. அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்துப் பிள்ளைகளுக்கோ பயண முகவருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இதே வகையைச் சேர்ந்த தவறுதான், ஏனென்றால் அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளில் எத்தனை ஆண்டுகள் கிடக்கும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது.

அட்டையை அலமாரியில் பூட்டி வைக்கும் நாம், வங்கியின் செயலியில் திறந்து கிடக்கும் வசதிகளைப் பூட்ட மறந்துவிடுகிறோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் 1 முதல், உள்நாட்டுப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிச் செலவு, தொடாமல் செலுத்தும் முறை (அட்டையை மெஷினில் செருகாமல் அருகில் காட்டிச் செலுத்துவது) ஆகிய ஒவ்வொன்றையும் அட்டைதாரரே தனித்தனியாக நிறுத்தவும் இயக்கவும் வரம்பு வைக்கவும் வங்கிகள் வழி செய்து தந்திருக்க வேண்டும். இவற்றில் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற பொத்தானை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தியத் தளங்களில் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அட்டை எண்ணும் தேதியும் சிவிவியும் இருந்தாலே பணம் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறைகூட வெளிநாட்டில் செலவு செய்யாதவர் அதை இயக்கத்தில் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. தொடாமல் செலுத்தும் முறையில் 2021 ஜனவரி முதல் ரூ. 5,000 வரை பின் எண் இல்லாமலே செலுத்தலாம். அதைப் பயன்படுத்தாதவர் நிறுத்தி வைக்கலாம், பயன்படுத்துபவர் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஏமாந்த பின் நாம் செய்யும் பெரிய தவறு, வெட்கப்பட்டு அதை மறைத்துத் தாமதிப்பது. ஆசிரியருக்கு நடந்ததும் அதுதான். முதல் தொகை போன பத்து நிமிடத்திலேயே அவருக்கு உண்மை புரிந்துவிட்டது. ஆனால் நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் இப்படி ஏமாந்தாரா என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில், மகனிடமும் சொல்லவில்லை, வங்கியையும் அழைக்கவில்லை. அன்று மாலைக்குள் வெளிநாட்டுத் தளங்களில் மேலும் இருமுறை, ஓடிபி கேட்காமலே, அவர் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்பட்டது.

இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்தால் விளங்கும். அட்டைதாரரே இரகசிய எண்களைப் பகிர்ந்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதும் அவரையே சேரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். அதாவது, பதினொன்றே கால் மணிக்கு அவர் அழைத்திருந்தால், முதல் தொகை போனாலும் மாலையில் போன இரண்டு தொகைகளுக்கும் அவர் பொறுப்பாகியிருக்க மாட்டார். வங்கியிடமும் அட்டைதாரரிடமும் குறையில்லாமல் வேறெங்கோ நடந்த கசிவினால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு எந்த இழப்பும் இல்லை என்கிறது அந்தச் சுற்றறிக்கை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், ரூ. 5 லட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிகபட்சம் ரூ. 10,000 வரையிலும், அதற்கு மேல் வரம்புள்ள அட்டைக்கு ரூ. 25,000 வரையிலும் அவர் ஏற்க நேரிடும். ஏழு நாள் கடந்துவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கையைப் பொறுத்தது.

ஆகவே தெரியாத செலவு ஒன்றைக் கண்டால், அது ஒரு ரூபாயாக இருந்தாலும், மாத ஸ்டேட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் சிறு தொகையை எடுத்துப் பார்ப்பது மோசடிக்காரர்களின் வழக்கம். செயலியில் அட்டையை உடனே முடக்கிவிட்டு, வங்கியை அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். போன பணம் வேறு கைக்கு மாறும் முன் நிறுத்திவைக்க முயல்வதற்காகவே அந்த ஏற்பாடு இருப்பதால், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்திவிடாமல் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புவது நல்லது, ஏனென்றால் எப்போது தெரிவித்தோம் என்பதே பின்னால் எழும் முக்கியமான கேள்வி.

புகார் கொடுத்தபின் கோபத்தில் அந்த மாதத்துக் கட்டணம் முழுவதையும் செலுத்தாமல் விடுவதும் தவறு. நாமே செய்த செலவுகளுக்கான தொகையைக் கட்டிவிட்டு, மறுக்கும் தொகையை மட்டும் எழுத்தில் குறிப்பிட வேண்டும். அந்தத் தொகையைப் புகார் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாள்களுக்குள் புகாரை முடிக்கவும் வங்கிக்கு அதே சுற்றறிக்கை கட்டளையிடுகிறது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியின் மீதே வைக்கப்பட்டிருக்கிறது. 30 நாள்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு உதவும் தொலைபேசி எண் 14448. ஆசிரியரின் புகாரை அவருடைய மகன் இப்போது அங்கேதான் கொண்டுசென்றிருக்கிறார்.