வெயிலில் பூனை வாயைத் திறந்து இளைத்தால்

ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரிப் பக்கம் சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் மதியம் நாமே உட்கார முடியாது. பூனையை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். குளியலறைக் கதவையாவது திறந்து வையுங்கள். ஈரத் தரையில் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

தண்ணீரை அகலமான மண்சட்டியில், சோற்றுத் தட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பல பூனைகள் சீண்டுவதில்லை. அதுகளுக்கு அப்படி ஒரு கிராக்கி!

நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது சகஜம். பூனை சும்மா படுத்திருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது சகஜமில்லை. எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, ஈறு செக்கச்செவேலென்று ஆவது எல்லாம் வெப்பத் தாக்கு அறிகுறிகள். பூனையின் இயல்பான உடல் சூடே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 40-ஐத் தாண்டினால் ஆபத்து.

உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களை ஒற்றி எடுத்து, ஃபேனைப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், புரையேறும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், காரை எடுக்கும்முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். நிழல் தேடி அடியில் படுத்திருக்கும்.