கத்திக் காயம், காரணம் தெரியவில்லை: ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், விபத்துப் பதிவேடு) எழுதப்போகும் ஹவுஸ் சர்ஜனுக்கு

ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஒருவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார், கூட வந்த நாலு பேரும் நாலு கதை சொல்வார்கள். கை தவறியதா, யாராவது வெட்டினார்களா, தானே கிழித்துக்கொண்டாரா என்று அங்கேயே தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை. பார்த்தது, கேட்டது, செய்தது மூன்றையும் கலக்காமல் எழுதினால் போதும்.

முதலில் சிகிச்சை. போலீஸ் வரட்டும் என்று யாரையும் காக்க வைக்காதீர்கள், பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். கத்தி உடம்பிலேயே செருகி இருந்தால் பிடுங்காமல், அசையாதபடி சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டி, சர்ஜனைக் கூப்பிடுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்து என்றால் வெளியே சின்னக் கீறலாகத்தான் தெரியும், ஆழம் பார்க்கிறேன் என்று விரலை விட்டு நோண்டாதீர்கள்; ‘ஆழம் பார்க்கப்படவில்லை’ என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையில் வெட்டு என்றால் மரப்பு ஊசி போடும் முன்பே ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் குறித்துவிட வேண்டும், ஊசி போட்ட பிறகு அது முடியாது. கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டார் என்பதையும் கேளுங்கள்.

தையல் போட்டதும் காயத்தின் உருவமே மாறிவிடும், அதனால் அளவு அதற்கு முன்னால். ‘கையில் வெட்டுக்காயம்’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. ‘இடது முன்கை உட்புறம், மணிக்கட்டு மடிப்புக்கு 4 செ.மீ. மேலே, குறுக்காக, 3 x 0.5 செ.மீ., ஓரங்கள் சீராக உள்ளன, ரத்தம் கசிகிறது’ என்று எழுதுங்கள். தலையில் அடிபட்ட காயம் பல நேரம் வெட்டு மாதிரியே இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஓரம் நசுங்கி, நடுவே சதை இழைகள் பாலம் போல் நின்றால் அது வெட்டே இல்லை. சட்டையைக் கத்தரிக்க வேண்டியிருந்தால் கிழிசலை விட்டு விலகிக் கத்தரித்து, காயவைத்து, காகித உறையில் போட்டுக் கையெழுத்திடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

காயம் எப்படி ஆனது என்பதை, யார் சொன்னார் என்ற குறிப்போடு, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். காயம்பட்டவர் பெண், கேட்கிற கேள்விக்கெல்லாம் கணவரே பதில் சொல்கிறார் என்றால், சீட்டு போட்டு வாங்க என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, நர்ஸை பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். 181 மகளிர் உதவி எண்ணையும் அப்போதே சொல்லிவிடலாம்.

எந்தக் கை பழக்கம், உள்ளங்கையிலோ முன்கையின் வெளிப்புறத்திலோ தடுத்த காயம் உண்டா, பழைய தழும்பு உண்டா, துணியிலும் கிழிசல் இருக்கிறதா, எல்லாம் எழுத வேண்டும். இல்லை என்றால் இல்லை என்றும் எழுதுங்கள். ஆனால் இதில் எதுவும் தனியாக ஒன்றை நிரூபித்துவிடாது. ‘வலது கைக்காரர், இடது கையில் காயம், சரி, காய் நறுக்கும்போது பட்டிருக்கும்’ என்பது கத்திக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். அரிவாள்மனையில் கத்தி நிற்கும், இரண்டு கையும் காயைப் பிடித்து நகரும், எந்தக் கையிலும் படலாம்.

‘தற்கொலை முயற்சி’ என்று உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். அவரே சொன்னால் அவர் சொன்னதாக எழுதுங்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பலர் மறைப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. இதை அவரிடமே நிதானமாகச் சொல்லுங்கள். சந்தேகம் இருக்கும்வரை தனியாக விடாதீர்கள், மனநல டாக்டர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், போகும்போது டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 கையில் இருக்கட்டும்.

சாதாரணக் காயமா கொடுங்காயமா என்ற கருத்தை எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு எல்லாம் வரும்வரை நிறுத்தி வையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 116-ஆம் பிரிவில், கொடுங்காயம் என்று சொல்ல, கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ நீடிக்க வேண்டிய கால அளவு 15 நாள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 20 நாள் இல்லை.

காரணம் தெளிவில்லாத வெட்டு என்றால் ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் அனுப்பி, வாங்கியவர் கையெழுத்தையும் நேரத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஏ.ஆர். நம்பரை கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வேண்டாம். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள்.