யென்கோ கமாரோவைத் தேடுவது எப்படி: முதலில் காகிதம், அப்புறம் கார்

1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டது. நடுத்தர, சிறிய கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் வைக்கக் கூடாது. 427 கன அங்குல என்ஜின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெரிய கார்களுக்கும்தான். ஆனால் இளசுகள் கேட்டதோ ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிராண்டில் வந்த சிறிய காரான கமாரோவில் 427. இந்தச் சந்தில் புகுந்தவர்கள் செவ்ரலே டீலர்கள். பென்சில்வேனியாவின் கானன்ஸ்பர்க்கில் டான் யென்கோ, சிகாகோவில் நிக்கி செவ்ரலே, லாங் ஐலண்டில் பால்ட்வின்-மோஷன், கலிபோர்னியாவில் டானா என்று ஒரு கூட்டமே கிளம்பியது. மற்ற பிராண்டுகளின் டீலர்களும் சும்மா இருக்கவில்லை: பான்டியாக்குக்கு ராயல், டாட்ஜுக்கு மிஸ்டர் நார்ம், ஃபோர்டுக்கு டாஸ்கா.

அந்தக் கார்கள் இன்று பல லட்சம் டாலருக்குப் போகின்றன. அதனால் சாதாரண கமாரோவை வாங்கி, 427 என்ஜினை இறக்கி, யென்கோ பட்டையை ஒட்டி நிறுத்துவது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஸ்டிக்கர், பேட்ஜ், பானெட் எல்லாமே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பார்வையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதிதாக இறங்குகிறவர்கள் இந்த வரிசையில் போனால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தப்பலாம்.

படி 1: ஒரு டீலர், ஒரே ஒரு வருடம்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடாதீர்கள். ஒவ்வொரு டீலரின் வேலையும் வேறு மாதிரி, அதனால் சோதிக்கும் முறையும் வேறு.

1967 யென்கோ கமாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் போட்ட என்ஜினைக் கழற்றிவிட்டு, யென்கோவின் ஒர்க்‌ஷாப்பில் 427 வைத்தார்கள். கடை வழியாக வந்த அந்த என்ஜினில் காரின் எண் இருக்காது. 'நம்பர் மேட்சிங்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நிக்கி, டானா, மோஷன் கார்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். ராயல் பான்டியாக்கோ பல கார்களில் என்ஜினையே மாற்றவில்லை. மெல்லிய ஹெட் கேஸ்கெட், பெரிய கார்ப்புரேட்டர் ஜெட், டிஸ்ட்ரிபியூட்டர் திருத்தம் என்று 'பாப்கேட்' கிட் போட்டு அனுப்பினார்கள். (போன்வில், கேட்டலினா கார்களின் எழுத்துகளைப் பிய்த்து 'பாப்கேட்' என்று ஒட்டினார்களாம். குசும்பு.)

1969இல் நிலைமை மாறியது. டாக்சி, போலீஸ் போன்ற மொத்த ஆர்டர்களுக்காக செவ்ரலே வைத்திருந்த 'கோப்போ' என்ற தலைமை அலுவலக ஆர்டர் வழியில், 427 பொருத்திய கமாரோவைத் தொழிற்சாலையிலிருந்தே வாங்க முடிந்தது. 425 குதிரைத்திறன் எல்72 என்ஜின் என்றால் கோப்போ 9561. அலுமினிய இசட்எல்1 என்றால் கோப்போ 9560. தொழிற்சாலை தடயம் விட்டுச் சென்றிருப்பதால், கற்றுக்கொள்ள 1969 யென்கோ கமாரோதான் நல்ல பள்ளிக்கூடம் என்பேன். மீதிப் படிகளையும் அதை வைத்தே சொல்கிறேன்.

படி 2: இரும்பில் இருக்கும் எண்கள்

விண்ட்ஷீல்டு வழியாக டேஷ்போர்டின் டிரைவர் பக்கம் பாருங்கள். வி8 கூபே என்றால் வண்டி எண் 124379 என்று தொடங்கும். அடுத்து வரும் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். கோப்போ 427 கமாரோக்கள் ஒஹாயோவின் நார்வுட்டில் செய்யப்பட்டவை, அதற்கான எழுத்து 'N'. அந்த இடத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்கான 'L' இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

அடுத்தது என்ஜின். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான இடம் இருக்கும். அங்கே டோனவாண்டா தொழிற்சாலையின் 'T', மாதம், தேதி, கடைசியில் இரண்டெழுத்துக் குறியீடு. எல்72 என்ஜினில் 4 ஸ்பீடு கியருக்கு 'MN', ஆட்டோமேட்டிக்குக்கு 'MO'. பக்கத்திலேயே காரின் எண்ணில் ஒரு பகுதியும் அடித்திருக்க வேண்டும். என்ஜின் தேதி, ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கார் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இருக்கும் தகட்டில் உள்ள கார் தயாரிப்பு வாரத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அந்தத் தகட்டில் '04C' என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரம்.

எண்ணை விட எண்ணுக்குக் கீழே உள்ள பரப்பை உற்றுப் பாருங்கள். தொழிற்சாலை இயந்திரம் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தாலோ, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினாலோ யாரோ தேய்த்துவிட்டு மறுபடி எண் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். விற்பவரிடம் இந்த இடத்தின் தெளிவான படத்தை முதலில் கேளுங்கள். 'அப்புறம் அனுப்புகிறேன்' என்று இழுத்தால் அப்புறமே பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: கார் எந்த டீலருக்குப் போனது?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் கையில் இருப்பது கோப்போ கார் என்று மட்டுமே ஆகும். மற்ற டீலர்களும் கோப்போ கமாரோக்களை வாங்கினார்கள். அது யென்கோ கார்தான் என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும்.

கார்வெட் சங்கமான என்சிஆர்எஸ் கமாரோவுக்கும் தரும் அறிக்கையில் காரின் தயாரிப்புத் தேதியும் அது முதலில் போன டீலரும் இருக்கும். ஆனால் என்ன ஆப்ஷன்கள் என்று இருக்காது. அதற்கு 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சிறு அலுமினியத் தகடு வேண்டும். வாரன்டி புத்தகத்தோடு வரும் இதில் கார் எண், என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறியீடுகள் புடைத்திருக்கும். இதிலும் போலி உண்டு, தகட்டை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள்.

டீலர் பெயரை வைத்தும் அவசரப்படக் கூடாது. யென்கோ தன் கார்களை வேறு ஊர் டீலர்கள் வழியாகவும் விற்றார். இல்லினாயின் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் இருந்த ஃப்ரெட் கிப் என்ற டீலர் 50 இசட்எல்1 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். மொத்தம் செய்ததே 69. விலை 7,000 டாலரைத் தாண்டியதும் விற்க முடியாமல் பல கார்களைத் திருப்பி அனுப்ப, அவை வேறு டீலர்களுக்குப் போயின. அனுப்பிய இடமும் விற்ற இடமும் வேறாக இருப்பது இந்த உலகத்தில் சகஜம்.

மற்ற பிராண்டு ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். பான்டியாக்குக்கு பிஎச்எஸ் நிறுவனம் பழைய பில் நகலே தருகிறது. 1967 முதலான ஃபோர்டுக்குத் தயாரிப்பு விவரங்களைத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது.

படி 4: எங்கே தேடுவது

பென்சில்வேனியாவின் கார்லைல் பழைய கார்ச் சந்தை, அக்டோபரில் ஹெர்ஷி சந்தை, நவம்பரில் சிகாகோ அருகே ரோஸ்மாண்டில் நடக்கும் மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ் என்ற கண்காட்சி. முதல் வருடம் பணத்தை வீட்டில் வைத்துவிட்டு, கேமராவும் காதுமாகப் போய் வாருங்கள். ஏலங்கள் விலை தெரிந்துகொள்ள நல்ல இடம், மலிவாக வாங்க அல்ல. பழைய உரிமையாளர்களின் பெயரை அரசு அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1994இல் வந்த தனியுரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. பழைய பதிவுச் சீட்டு, டிராக் ரேஸ் புகைப்படம், உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம் வழியாகத்தான் போக வேண்டும்.

படி 5: நினைவுப் பொருட்கள்

கார் வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. டீலர் பேட்ஜ், நம்பர் பிளேட் ஃபிரேம், சாவிக்கொத்து, தீப்பெட்டி, விலைப்பட்டியல், கேட்டலாக் என்று சேர்ப்பதே தனி சுகம். நிக்கி பொருள் என்றால் பெயரில் உள்ள 'K' எழுத்து இடவலம் திரும்பி இருக்கிறதா என்று பாருங்கள். அது அவர்களுடைய முத்திரை.

காகிதத்துக்குப் புற ஊதா விளக்குச் சோதனை செய்யச் சொல்வார்கள். 1960கள் காகிதத்துக்கு அது உதவாது. ஒளிரும் வெண்மைப் பொருள் அதற்கு முன்பே காகிதத்தில் வந்துவிட்டது. பதிலாக ஒரு நல்ல லென்ஸ் வாங்குங்கள். தனி மையில் அச்சிட்ட லெட்டர்ஹெட் எழுத்து திடமாக, ஒரே நிறமாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்டது பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். முகவரியில் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் 1963 ஜூலையில்தான் வந்தது. 1962 என்று சொல்லி விற்கும் தாளில் அது இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

கிடைத்ததை பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், பிவிசி உறை வேண்டாம். கார் எண்ணோடு பழைய பில் ஒன்று கிடைத்தால், சந்தோஷத்தில் முழுப் படத்தையும் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடாதீர்கள். கடைசி ஆறு இலக்கங்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். காரை வைத்திருப்பவர் தேடி வந்தால், மறைத்த இலக்கங்களை அவரே சொல்லட்டும்.