முடி கொட்டுன பட்டிக்குட்டியும் நான் போட்ட கிரீமும்

தக்கலை பக்கம் எங்க வீட்டுல ஒரு நாட்டு பட்டிக்குட்டி (நாய்க்குட்டிதான்) நிக்கு, 5 மாசம் இருக்கும்போ கண்ணைச் சுத்தியும் முன்னங்கால்லயும் வட்டம் வட்டமா முடி கொட்டிச்சு, ஆனா பெருசா சொறியவே இல்ல. எங்கம்மை வேப்பெண்ணெய் தேய்ச்சு விட்டா, குட்டி அதை நக்கி வாந்தி எடுத்ததுதான் மிச்சம். நான் அதுக்கு மேல, மெடிக்கல்ல படைக்குன்னு ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன், அதுல ஸ்டீராய்டு கிடந்திருக்கு, ரெண்டே வாரத்துல மூஞ்சி பூரா பரவிட்டு.

பொறவுதான் டாக்டர்ட்ட போனேன். பிளேடால லேசா ரத்தம் கசியுற வரை தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்புல காட்டுனாரு, சுருட்டு மாதிரி நீளமா, குட்டிக்கால் வச்ச பூச்சி, டெமோடெக்ஸ். முடிக்குழிக்குள்ள எல்லா நாய்க்கும் கொஞ்சம் இருக்குமாம், எதிர்ப்பு சக்தி கம்மியான குட்டின்னா பெருகிரும், ஸ்டீராய்டு பட்டா இன்னும் மோசம். நமக்கு ஒட்டாது. ஒட்டுறது ஸ்கேபிஸ்ங்குற வேற பூச்சிச் சொறி, அதுல காது ஓரமும் முழங்கையும் ராத்திரி பூரா சொறியும்.

வெயிட் பாத்து பூச்சியக் கொல்லுற ஃப்ளூரலேனர் மாத்திரை, சீழ் வச்ச இடத்துக்கு கிருமியக் கொல்லுற குளோர்ஹெக்சிடின் ஷாம்பு குடுத்தாரு, 10 நிமிஷம் ஊற விட்டுக் கழுவணும் (குட்டியப் பிடிச்சு வைக்கதுதான் பாடு). முடி வந்த பொறவும் விடல, மாசம் ஒருக்க சுரண்டிப் பாத்து, அடுத்தடுத்து ரெண்டு தடவ பூச்சி இல்லன்னு வந்த பொறவுதான் மாத்திரைய நிறுத்துனாரு.