தென்னமெரிக்கக் கெளுத்தி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாசி பிடிக்குதா? ஒரு சக்கர் வாங்கிப் போடுங்க, அதுவே தின்னு சுத்தம் பண்ணிடும்." மீன் கடையில் அன்றாடம் கிடைக்கும் இந்த யோசனைதான் முதல் தவறு. சக்கர் (உறிஞ்சுவாய்க் கெளுத்தி), பிரிசில்நோஸ், கோரி, ஓட்டோ, ஸீப்ரா பிளெகோ என்று தென்னமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த கெளுத்திகள் பலவற்றையும் நாம் துப்புரவு வேலைக்கு ஆள் எடுப்பதுபோல வாங்குகிறோம்; சோறு போட மறந்துவிடுகிறோம். மற்ற மீன்கள் மிச்சம் வைத்ததில் கோரி பிழைத்துக்கொள்ளும் என்று விட்டால், சில மாதங்களில் வயிறு ஒட்டிச் சாகும். மீன் கழிவை இவை தின்பதில்லை. ஒரு நடுத்தர சக்கர் தானே போடும் கழிவு, அது தின்னும் பாசியைவிடப் பல மடங்கு.

கடைக்குட்டியைப் பார்த்து அளவை முடிவு செய்வது

கடையில் விரல் நீளம் இருக்கும் சாதாரண சக்கர், டெரிகோபிளிக்திஸ் வகையைச் சேர்ந்தது. வளர்ந்தால் 40 செ.மீ. தாண்டும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது. அப்போது பலர் செய்வது, பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுவது. மதுரை வண்டியூர் கண்மாய் முதல் கேரள, இலங்கை நீர்நிலைகள் வரை இந்த மீன் பரவியது இப்படித்தான். கரையில் வளை தோண்டி முட்டையிடும், வலையை முள்ளால் கிழிக்கும், ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். ஏரியில் விடாதீர்கள். கடைக்காரரிடமோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ திருப்பிக் கொடுங்கள்.

சிவப்பு வால் கெளுத்தியின் கதை இதைவிட மோசம். 7 செ.மீ. குட்டியாக அழகாக இருக்கும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைத் தாண்டும், வாயில் நுழையும் எதையும் விழுங்கும். டைகர் ஷவல்நோஸும் அப்படித்தான். வீட்டுத் தொட்டிக்கு இவை இரண்டும் வேண்டவே வேண்டாம். பாசிக்குத்தான் மீன் வேண்டுமென்றால் 12 முதல் 15 செ.மீ. வரை மட்டுமே வளரும் பிரிசில்நோஸ் (ஆன்சிஸ்ட்ரஸ்) போதும். ஒரு ஜோடிக்கு 90 செ.மீ. நீளத் தொட்டி.

எல்லாவற்றுக்கும் ஒரே வெப்பநிலை

சென்னையில் மே மாதம் அறைக்குள் இருக்கும் தொட்டி 31, 32 டிகிரியைத் தொடும். கோரிகளில் பாண்டா, பாலியேட்டஸ் இரண்டும் குளிர்ந்த நீர் விரும்பிகள். 25 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் வைத்தால் தாங்காது. சமவெளியில் இருப்பவருக்கு ஸ்டெர்பாய் கோரி ஏற்றது. 28 வரை வசதியாக இருக்கும். பாண்டாவை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடலாம். ஸீப்ரா பிளெகோ நேர்மாறு. பிரேசிலின் ஷிங்கூ ஆற்றின் பாறை இடுக்கில் வாழும் அதற்கு 28 முதல் 30 டிகிரியும் வலுவான நீரோட்டமும் தேவை. (அது இன்று சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவுயிர் வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள மீன். காட்டில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்ற ஆவணத்தைக் கேட்காமல் வாங்கக் கூடாது.)

வெப்பம் ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி., 30 டிகிரியில் 7.6. அதே நேரம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுப் பங்கு கூடும். பிஹெச் (நீரின் அமில-காரத் தன்மை) 7, 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.6 சதவீதம்கூட இல்லை. பிஹெச் 8, 30 டிகிரி என்றால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். பிஹெச் கூடுதலான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் "போன மாசம் வரை நல்லாத்தான் இருந்துச்சு" என்று கோடையில் மீன்கள் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஐஸ் பாட்டிலை மிதக்க விடுவது பலரும் செய்யும் தவறு. ஒரு மணி நேரத்தில் நான்கு டிகிரி இறங்கி மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் வெப்பத்தைவிடக் கெடுதல். நீர்ப்பரப்பின்மீது சாய்வாகச் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி நிலையாகக் குறையும். ஆனால் ஆவியாகிப் போவது வெறும் நீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) வாரம்தோறும் ஏறும். நிரப்புவதற்கு மட்டும் ஆர்ஓ நீர் வையுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரை "வீணாகுதே" என்று தொட்டியில் ஊற்றுவோரும் உண்டு. அதில் உப்பு அடர்த்தி மூல நீரைவிட அதிகம். முழுக்க ஆர்ஓ நீரும் சரியில்லை, பிஹெச்சை நிலையாக வைக்கும் தாங்கு திறன் இல்லாததால் அது ஒரே இரவில் சரியும். டிடிஎஸ் 600 உள்ள நீரை மூன்று பங்கு ஆர்ஓவுடன் கலந்தால் 150 முதல் 200 வரை வரும். கோரிக்கும் பிரிசில்நோஸுக்கும் அது போதும்.

அடியில் எம்-சாண்ட்

கோரி மூக்குவரை மணலில் புதைத்து, வாயில் அள்ளி, செவுள் வழியாக வெளியே தள்ளி இரை தேடும். எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்தது, மணிகளின் விளிம்பு கூர்மை. வண்ணக் கற்களில் இந்த வேலையே நடக்காது. தீனி கல்லிடுக்கில் விழுந்து அழுகும். சலித்த ஆற்று மணல், ஒரு மி.மீ.க்கும் குறைவான மணி, 2 முதல் 3 செ.மீ. ஆழம். கடல் மணலில் சிப்பித் தூள் இருப்பதால் நீர் கடினமாகிக்கொண்டே போகும். ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டு நுரைத்தால் தள்ளிவிடுங்கள்.

மீசை தேய்ந்த கோரியைப் பார்த்ததும் எல்லாரும் மணலைத்தான் பழிப்பார்கள். நல்ல மணலிலும் மீசை போகும். அடியில் தேங்கிய கழிவில் பெருகும் பாக்டீரியா மீசையை அரிப்பதுதான் பெரும்பாலும் காரணம். வாரம் 30 சதவீதம் நீர் மாற்றும்போது மணல் மேற்பரப்பை ஒட்டி சைஃபன் குழாயைக் கொண்டுபோனால் போதும். ஆறு கோரிக்குக் குறைவாக வாங்க வேண்டாம், அதுவும் ஒரே இனத்தில் ஆறு.

பல்லைப் பார்க்காமல் தீனி போடுவது

சக்கர் வாய் இருந்தாலே பாசி தின்னும் என்று நினைப்பது தவறு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது டார்ச் அடித்து வாயை உற்றுப் பாருங்கள். சீப்புபோல் நெருக்கமாக நூற்றுக்கணக்கில் மெல்லிய பற்கள் இருந்தால் (பிரிசில்நோஸ், ஓட்டோ) பாசியும் காய்கறியும் சுரண்டும் மீன். சில பற்கள் மட்டும், நீளமாக, தடித்து இருந்தால் (ஸீப்ரா உள்ளிட்ட ஹைபன்சிஸ்ட்ரஸ், ஸ்கார்லெட் பிளெகோ) புரதம் கேட்கும் மீன். அதற்கு வெள்ளரித் துண்டு மட்டும் போட்டு வைத்தால் மெலிந்து சாகும். கரண்டி வடிவப் பல் என்றால் பனாக்கே இனம், மரத்தைச் சுரண்டுவது. மரத்தின் செல்லுலோஸை அது செரிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மரத்தோடு சேர்த்து விழுங்கும் நுண்ணுயிர்ப் படலமும் அழுகல் பொருளும்தான் அதற்குச் சத்து. எனவே மரக்கட்டை அவசியம், ஆனால் மரம் மட்டும் உணவாகாது.

பாசி சுரண்டிக்கு ரத்தப்புழு தினமும் கொடுப்பது எதிர்த்திசைத் தவறு. நீண்ட குடலில் புரதம் தேங்கி வயிறு உப்பும். வாரம் ஒருமுறை கொஞ்சம் போதும்.

பீர்க்கங்காய், சுரைக்காய், வெள்ளரி, பசலைக்கீரை எல்லாம் ஒத்துக்கொள்ளும். பூச்சி மருந்து போக உப்பு நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, தோல் சீவி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, முள்கரண்டியில் குத்தி மூழ்கவிடுங்கள். 12 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கோடையில் காலை போட்ட துண்டு மாலைக்குள் நாறிவிடும்.

கூழ்த்தீனி வீட்டிலேயே செய்யலாம். வேகவைத்த பச்சைப் பட்டாணியும் கீரையும் சேர்த்து அரைத்த விழுது 300 கிராம், ஸ்பைருலினா தூள் 10 கிராம், பொடித்த பெல்லட் 30 கிராம். 150 மி.லி. நீரில் அகர்-அகர் தூள் 5 கிராமைக் கொதிக்கவைத்து, சற்று ஆறியதும் கலந்து தட்டில் ஊற்றிக் கட்டியானதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஜெலட்டின் வேண்டாம், நம் ஊர் வெப்பத்தில் தொட்டிக்குள் கரைந்து நீரைக் கலங்கடிக்கும். புரதம் தின்னும் இனங்களுக்குக் கீரையைக் குறைத்து இறால், மீன் சதை சேர்க்கலாம்.

தீனி போடும் நேரமும் முக்கியம். பெரும்பாலானவை இரவில் இரை தேடுபவை. விளக்கை அணைத்து அரை மணி கழித்துப் போட்டால் மற்ற மீன்கள் பறித்துக்கொள்ளாது. சாக்கடையோரம் அள்ளிய உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நோய் அதோடு வரும். ஓட்டோ வாங்குவோர் தொட்டி ஓடத் தொடங்கி மூன்று மாதமாவது ஆன பிறகு வாங்க வேண்டும். அவை பெரும்பாலும் காட்டில் பிடிக்கப்பட்டு, வரும் வழியில் பட்டினி கிடந்து வருபவை. வயிறு உள்வாங்கிய ஓட்டோவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கோரி முட்டையிட்ட பிறகு

கோரியை முட்டையிட வைப்பது கடினமில்லை. பத்து நாள் நல்ல புரதத் தீனி, பிறகு மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த நீரால் பாதி நீர் மாற்றம், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. காற்றழுத்தம் குறையும் மழை நாள்களில் இது இன்னும் எளிது. ஐப்பசி மழையில் முட்டை கிடைப்பதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். ஆணின் வயிற்றோடு பெண் வாய் வைத்து 'டி' எழுத்துபோல நிற்கும். அடுத்த நொடி பெண்ணின் வயிற்றுத் துடுப்புகள் குவிந்து, அதற்குள் இரண்டு முதல் நான்கு முட்டைகள். கண்ணாடியில் இடம் தேடி, துடைத்து, ஒட்டிவிட்டுத் திரும்பும்.

பெற்றோரோடு முட்டையை விட்டுவைத்தால் மறுநாள் எதுவும் இருக்காது. இட்ட உடனே எடுத்தால் நசுங்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஓடு இறுகியதும் பழைய ஏடிஎம் கார்டாலோ விரல் நுனியாலோ உருட்டி எடுத்து, அதே தொட்டி நீர் மூன்று லிட்டர் உள்ள டப்பாவில் ஏர் ஸ்டோனோடு வையுங்கள். 1 சதவீத மெத்திலீன் ப்ளூ அதற்கு ஒரு மி.லி. போதும். அது இல்லையென்றால் காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று. வெள்ளையாகிப் பஞ்சுபோல் ஆன முட்டையை அன்றாடம் பொறுக்கிவிட வேண்டும். பக்கத்து முட்டைக்குப் பூஞ்சை தாவும்.

மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பிறகு இரண்டு நாள் தீனி வேண்டாம், மஞ்சள் கரு இருக்கிறது. அதன் பின் மைக்ரோ வார்ம் எனும் நுண்புழு, புதிதாகப் பொரித்த ஆர்டீமியா (உப்புநீர்க் குட்டி இறால்). கோரிக் குஞ்சு சாவது பெரும்பாலும் மிஞ்சிய தீனியால்தான்: அடிமட்டத்தில் கிடப்பதால் வயிற்றுத் தோலில் பாக்டீரியா பிடிக்கும். தினமும் அடியைத் துடைத்து, அதே வெப்பநிலை நீரால் கால் பங்கு மாற்றுங்கள்.

பிரிசில்நோஸ் குகை

இங்கே தவறுவது குகையின் அளவு. ஆண் உள்ளே போனால் பக்கவாட்டில் விரல் அகலம்கூட மிஞ்சக் கூடாது. 10 செ.மீ. ஆணுக்கு உள்ளகலம் 4 முதல் 5 செ.மீ., உயரம் 3 முதல் 4, நீளம் 13 முதல் 15, பின்பக்கம் அடைப்பு. பெரிய குகையில் பெண் முட்டையிடும் முன்பே வெளியே தப்பிவிடும், ஆணால் அதை உள்ளே அடைத்து வைக்க முடியாது. இருபுறமும் திறந்த பிவிசி குழாயில் முட்டை பெரும்பாலும் நிலைக்காது. சொரசொரப்பான மண் குகை நல்லது. இரண்டு ஆண் இருந்தால் நான்கு குகை, ஒன்றையொன்று பார்க்காத திசையில்.

ஆரஞ்சு நிற முட்டைக் கொத்தின்மேல் ஆண் உட்கார்ந்து துடுப்பால் விசிறும். டார்ச் அடித்து மணிக்கொருமுறை பார்ப்பவர்தான் அதன் எதிரி. தொந்தரவு தாங்காமல் கொத்தை வெளியே தள்ளிவிடும். முதல்முறை தந்தையாகும் இளம் ஆணும் தள்ளலாம். தள்ளிய கொத்தை வலைப்பெட்டியில் போட்டு, மெல்ல அசையும்படி ஏர் ஸ்டோனை அருகில் வையுங்கள். 27 டிகிரியில் ஐந்தாறு நாளில் பொரியும். இட்டதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளில் மஞ்சள் கரு கரைந்து குஞ்சுகள் வெளியே வரும்.

அதற்குப் பின் அவை ஏறக்குறைய ஓயாமல் தின்னும். ஒருவேளைத் தீனி இங்கே செல்லாது. பாசி படிந்த மரக்கட்டை, வேகவைத்த பீர்க்கங்காய், ஸ்பைருலினா வேஃபர் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் அழுகாமல். முதல் மூன்று வாரத்தில் சாகும் குஞ்சுகளில் பெரும்பாலானவை பசியாலோ கெட்ட நீராலோதான் சாகின்றன. ஹைபன்சிஸ்ட்ரஸ் வளர்ப்பவருக்கு ஒரு வார்த்தை: எல்066, எல்333 என்று எண்ணால் அழைக்கப்படும் வகைகள் தங்களுக்குள் இனம் கலக்கும். ஒரு தொட்டியில் ஒரு வகை மட்டும் வையுங்கள்.

மருந்தும் பையும்

கவசம் இருப்பதால் மருந்து தாங்கும் என்று நம்ப வேண்டாம். மலக்கைட் கிரீன், ஃபார்மலின், தாமிரம் கலந்த மருந்துகளை முதலில் பாதி அளவில் தொடங்கி, கூடவே ஏர் பம்ப்பைக் கூட்டி, மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள். கோரி அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்கினால் முதலில் அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் சோதியுங்கள், மருந்துப் பாட்டிலை அப்புறம் எடுக்கலாம். எப்போதாவது ஒருமுறை விழுங்குவது இயல்பு. குடலால் காற்றைச் சுவாசிக்கும் மீன் அது. அதற்காக நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பிடிக்கும்போது வலைக்குப் பதில் டப்பா. விரித்த துடுப்பு முள் வலையில் பூட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், வலையை வெட்டுங்கள். எடுத்துச்செல்லும் பையை இரட்டையாகப் போடுங்கள். முள் ஒரு பையைக் குத்திவிடும். பயந்த கோரி சிறிய பையில் நச்சு சுரந்து, தானும் கூட இருப்பவையும் சாகும் அளவுக்கு நீரைக் கெடுக்கும். நுரை கண்டால் அதுதான். பிடித்ததும் ஒரு வாளியில் பத்து நிமிடம் விட்டு, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் பையில் போடுங்கள். வீடு வந்ததும் பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் விடுங்கள்.