தட்டைப்பயறில் அசுவினி: மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்

மார்கழிப் பனியில் தட்டைப்பயறு, அதாவது காராமணி வயலுக்குள் இறங்கினால், கொழுந்திலும் பூங்காம்பிலும் கன்னங்கரேலென்று அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி அப்பியிருக்கும். பார்த்ததும் பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறோம். காராமணி போடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இந்த ஓட்டம்தான் என்பேன்.

முதலில் செடியை நன்றாகப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே, கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊர்கிறதா? அது பொறிவண்டின் புழு. பலர் அதையும் பயிரைத் தின்னும் புழு என்று நினைத்து மருந்து அடித்துவிடுகிறார்கள். அது தின்பது அசுவினியைத்தான். அசுவினிக்கோ ஆண் துணைகூட வேண்டாம்; நேரே குட்டி போடும், அந்தக் குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாயாகிவிடும். கடும் மருந்து அடித்தால் இரண்டும் சாகும், ஆனால் மிச்சமிருக்கும் நாலைந்து அசுவினி மறுபடி பெருகும் வேகத்துக்குப் பொறிவண்டால் ஈடுகொடுக்க முடியாது. பத்து நாளில் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருவது இதனால்தான். எறும்பு வரிசையையும் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்பு பொறிவண்டை விரட்டிக் காவல் காக்கும். தொடக்கத்தில் அசுவினி நாலு செடியில்தான் இருக்கும். அந்தக் கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் போட்டு அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

பருவத்தைப் பார்க்காமல் அடிப்பது அடுத்த தவறு. அசுவினிக்குப் பிடித்தது குளிர்ச்சி, மூடாக்கு வானம், பனி. நல்ல கனமழை பெய்தால் தானே கழுவிக்கொண்டு போய்விடும். மழை மேகம் திரண்டு நிற்கும்போது மருந்து அடிப்பது வீண்செலவு. மாசிக்குப் பிறகு வெயில் ஏற ஏற வெள்ளை ஈயும் இலைப்பேனும் தலையெடுக்கும். இலை ஓரம் மஞ்சளாகிச் சுருண்டால் தத்துப்பூச்சி. காய் பிடித்த பிறகு பயறு வற்றிச் சுருங்கினால் காய் நாவாய்ப்பூச்சி. அதைக் காலையில் மந்தமாக இருக்கும்போது மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் தட்டிவிடலாம்.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தட்டைப்பயறு தன் வேர் முடிச்சுகளிலேயே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் பயிர். அதற்குமேல் கொடுத்தால் கொழுந்து தளதளவென்று வரும், சாறு உறிஞ்சுகிறவற்றுக்கு அதுவே விருந்து.

தேமல், அதாவது இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாறும் வைரஸ் நோய், வந்த செடிக்கு மருந்து அடிப்பதும் பயனில்லை. அசுவினியும் வெள்ளை ஈயும் பரப்பும் வைரஸ் உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் அதை வெளியே எடுக்காது. தொடக்கத்திலேயே பிடுங்கி அழியுங்கள். அந்தச் செடியிலிருந்து விதை எடுக்கவே கூடாது. சில தேமல் நோய்கள் விதை வழியாகவும் வரும்.

வேப்பங்கொட்டைச் சாறு அடித்துவிட்டு மறுநாளே 'வேலை செய்யவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். அது உடனே கொல்வதில்லை; தின்பதையும் வளர்வதையும் தடுக்கும், பலன் தெரிய நாலைந்து நாளாகும். 10 லிட்டருக்கு 500 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 கிராம் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். வெள்ளை ஈயின் குஞ்சுகள் அங்கேதான் ஒட்டிக் கிடக்கும், மேலே மட்டும் அடித்தால் ஒன்றும் ஆகாது.

ரசாயனம்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இமிடாகுளோபிரிட், தயோமீதாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே வகை. டப்பாவை மாற்றினாலும் மருந்து மாறவில்லை, பூச்சி பழகிக்கொள்ளும். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிப் பயிர்களில் 2005 முதலே தடை. பச்சைக் காயாகப் பறிக்கும் காராமணியும் காய்கறிதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கிற பயிர் இது. டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் பறித்தால், அந்த மருந்து நேரே யாரோ ஒரு வீட்டுக் குழந்தையின் சோற்றுத் தட்டுக்குப் போகிறது.